செரண்டிப்பிட்டி: கேள்வி பதில்

கே: 'செரண்டிப்பிட்டி' என்றால் அதிர்ஷ்டம்தானே சார்?

ப: பாதிதான். லாட்டரி விழுந்தால் அது அதிர்ஷ்டம், அவ்வளவே. இந்த ஆங்கிலச் சொல்லை உருவாக்கியவர் ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர், 1754 ஜனவரி 28 அன்று நண்பர் ஹோரஸ் மேனுக்கு எழுதிய கடிதத்தில். செரண்டிப் நாட்டு இளவரசர்கள் மூவர், தேடாத விஷயங்களைத் தற்செயலாகவும் கூர்மதியாலும் கண்டுகொண்டே போகும் கதையை அவர் படித்திருந்தார். அப்படிக் கண்டுகொள்வதற்கே இந்தப் பெயரை வைத்தார். அவர் தரும் உதாரணம்: வழியில் இடப்பக்கப் புல் மட்டும் மேயப்பட்டிருக்கிறது. நல்ல புல்லோ வலப்பக்கம். அப்படியென்றால் இவ்வழியே போன கோவேறு கழுதைக்கு வலக்கண் தெரியாது! புல் எதிரே வந்தது தற்செயல், கழுதையின் கண்ணை ஊகித்தது புத்தி. இந்தப் புத்தியைக் கழற்றிவிட்டுத்தான் இன்று எல்லோரும் பேசுகிறார்கள்.

கே: மூலக்கதை யாருடையது?

ப: 1557இல் வெனிஸில் இத்தாலிய மொழியில் அச்சானது. அதற்கும் முன்பே, 1302 வாக்கில் டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோ பாரசீகத்தில் எழுதிய 'ஹஷ்த் பிஹிஷ்த்' என்ற காவியத்தில் இருக்கிறது. அங்கே ஒட்டகம். நம் அலகேசன் என்ற அரசன் கதையிலும் காணாமல் போன ஒட்டகம்தான்.

கே: செரண்டிப் எந்த ஊர்?

ப: இலங்கை. அரபு, பாரசீகப் பெயர் சரந்தீப்.

கே: 'சேரன் தீவு'தான் சரந்தீப் ஆனது என்கிறார்களே?

ப: வந்துவிட்டதா! காதுக்கு ஒத்துப்போவதை வைத்து வேர் சொல்லாதீர்கள். சிங்களத் தீவு என்னும் பொருள்தரும் பாலிச் சொல் 'சீஹளதீப'. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர் 'சியேலெதிபா' என்றே எழுதுகிறார். அந்த லகரம் ரகரமானால் சரந்தீப் பக்கத்தில் வந்துவிடும்.

கே: லகரம் ரகரமாகும் என்றால், ரகரம் லகரமாகாதா? சேரன் ஏன் முதலில் இருந்திருக்கக் கூடாது?

ப: நல்ல மடக்கு. ஆனால் சேரன் தீவு என்று அந்தத் தீவை அழைத்த பழம்பாட்டு ஒன்றைக் காட்டுங்கள். பட்டினப்பாலை 'ஈழத்து உணவும்' என்கிறது. சேரர் ஆண்டது மேற்குக் கரையை.

கே: இதெல்லாம் தமிழை மட்டம் தட்டும் வேலை.

ப: கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குப் போனது தமிழிலிருந்துதான். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

கே: ஐயா, செரண்டிப் என்பது சேரன் தீ...

ப: மேலே சொன்ன பதிலையே மறுபடி படியுங்கள்.

கே: இதற்கு நல்ல தமிழ்ச்சொல்?

ப: கலைச்சொல் ஆக்குவோரிடம் கேளுங்கள் தம்பி. 'அதிர்ஷ்டம்' மட்டும் வேண்டாம்.