ரீல்ஸ் போடும் பிள்ளைகளுக்கு, மேலமாசி வீதியிலிருந்து

மதுரைப் பக்கம் வீடியோ போடுகிற, பதிவு எழுதுகிற பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இவை. பழைய ஆட்களிடம் நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் பேச்சு.

செல்லூர்: அண்ணே, காந்தி மாதிரி பார்த்ததுமே அடையாளம் தெரிகிற ஒரு கெட்டப் எனக்கும் வேண்டும். என்ன செய்யலாம்?

காந்தி கெட்டப்பைத் தேடிப் போகவில்லை தம்பி. 1921இல் அந்நியத் துணியை விட்டுக் கதருக்கு மாறுங்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு வந்தார். கதர் வாங்கக் காசில்லையே என்றார்கள் ஏழைகள். அது அவரை உலுக்கிவிட்டது. செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், இனி இடுப்புத்துணி மட்டுமே என்று முடிவெடுத்தார். முதலில் அக்டோபர் கடைசி வரை என்றுதான் அறிவித்தார். அப்புறம் மாற்றவே இல்லை. 1931இல் லண்டன் அரண்மனைக்கும் அப்படியேதான் போனார். நீ பிளாஸ்டிக் வேண்டாம் என்று வீடியோ போடுகிறவன் என்றால், மார்க்கெட்டில் உன் கையில் துணிப்பை இருக்கட்டும். உன்னை அடையாளம் காண அது போதும்.

உசிலம்பட்டி: ஹேர் ஆயிலைப் புகழ்ந்தால் பணம் தருகிறார்கள் அண்ணா. நான் தேய்த்தே பார்க்கவில்லை. ஒத்துக்கொள்ளவா?

வேண்டாம்மா. தென்னாப்பிரிக்காவில் 1903இல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையும் ஆரம்பத்தில் விளம்பரம் வாங்கியது. காந்தி பின்னால் விளம்பரம் வாங்குவதை நிறுத்தினார். வருமானம் குறைந்தது. ஆனால் பத்திரிகை தங்களுடையது என்ற எண்ணம் வாசகர்களுக்கு வந்தது. உனக்கும் பிழைப்பு இருக்கிறது, புரிகிறது. பயன்படுத்திப் பார்த்த பொருளுக்கு வாங்கு, வாங்கினேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடு.

திருமங்கலம்: கீழக்குயில்குடி சமணர் மலை பற்றி எழுதுகிறேன். யாரிடம் எடுத்தேன் என்று பெயர் போட்டால் என் மதிப்பு குறையாதா?

குறையாது, கூடத்தான் செய்யும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதற்காக ஏடுகளைத் தேடித்தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டார். அது சமணக் காப்பியம், அவரோ சைவர். பொருள் பிடிபடாத இடங்களை வைத்துக்கொண்டு குழம்பவில்லை, கும்பகோணத்துச் சமணர்களிடமே போய்க் கேட்டார். உதவியவர்களின் பெயரை முன்னுரையில் எழுதினார். ஏட்டுக்கு ஏடு பாடம் மாறினால் அதையும் காட்டினார். பிந்திய பதிப்புகளில் திருத்திக்கொண்டே போனார். இத்தனை வருடம் கழித்தும் அவர் பதிப்பை நம்பிக் கையில் எடுக்கிறோம் என்றால் காரணம் இந்த நேர்மைதான். நீயும் மலையேறிப் பார், கல்வெட்டைப் படித்துச் சொன்னவர் பெயரைத் தயங்காமல் போடு.

மேலூர்: கமெண்டில் ஒருவர் கடுமையாக மறுத்து எழுதுகிறார். பிளாக் பண்ணிவிடவா?

வசை என்றால் பண்ணு. மறுப்பு என்றால் பதில் எழுது. காந்தி மதுரையில் உடை மாற்றிய அடுத்த மாதமே, ராட்டை இயக்கத்தைக் கடுமையாக விமர்சித்துத் தாகூரின் கட்டுரை வந்தது. காந்தி தன் யங் இந்தியா பத்திரிகையில் பதில் எழுதினார். 'மாபெரும் காவலர்' என்று தாகூரைப் போற்றித் தலைப்பு வைத்துவிட்டு, உள்ளே தன் கருத்தில் ஓர் அங்குலம்கூட இறங்காமல் வாதாடினார். பசித்தவனுக்கு வேலைதான் சோறு என்பது அவர் வாதம்.

வில்லாபுரம்: ஃபார்வர்டு வந்ததும் பகிரலாமா?

காப்பியக் கதைதான், ஆனாலும் நம்ம ஊரில் நடப்பதாயிற்றே: பொற்கொல்லன் சொன்னதைப் பாண்டியன் அப்படியே நம்பினான். சிலம்பை உடைத்து, உள்ளே முத்தா மாணிக்கமா என்று பார்த்தது கோவலன் உயிர் போன பிறகு.

சோழவந்தான்: வெற்றிலைக் கொடிக்கால் பற்றி எழுதினால் முப்பது பேர்தான் படிக்கிறார்கள். விட்டுவிடலாமா?

விடாதே. பாரதியும் படிப்படியாகத்தான் வளர்ந்தார். அவருடைய 'தனிமை இரக்கம்' கவிதை 1904இல் அச்சானது மதுரையிலிருந்து வந்த விவேகபாநு இதழில். அந்த வருடம்தான் சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார். பிறகு சுதேசமித்திரன், 1906இல் இந்தியா வார இதழ். அந்த முப்பது பேர் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து அடுத்ததை எழுது. எனக்கும் அனுப்பு, கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டுவது பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது.