பந்துக் கணக்கு – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகனுக்கு 17 வயது. வலக்கை வேகப்பந்து வீச்சாளன். பிளஸ் டூ தேர்வுக்காக டிசம்பரிலிருந்து மைதானத்துப் பக்கமே போகவில்லை. சென்ற வாரம்தான் தேர்வுகள் முடிந்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் கோடைப் பயிற்சி முகாமில் சேர்கிறான். வாரத்தில் ஆறு நாள், காலையும் மாலையும் நெட்ஸ் (வலைக்குள் வீசிப் பழகுவது). நாளொன்றுக்கு 20 ஓவராவது வீச வைப்போம் என்கிறார்கள். ஜூலையில் லீக் ஆட்டங்கள். அதற்கு முன் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிட வேண்டும் என்கிறாள் என் மனைவி. பயிற்சியாளரோ, அடிபட்டால்தான் பிசியோ, நன்றாக இருக்கும் பையனுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் போதும் என்கிறார். கோவையில் ஒரு நிலையத்தில் உடல் முழுவதையும் கணினி மூலம் சோதித்து, எந்த இடத்தில் காயம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்களாம். கட்டணம் அதிகம். செய்யலாமா? புரோட்டீன் பவுடர், முழங்கால் உறை இவையெல்லாம் அவசியமா? (நவம்பர் போட்டிகளுக்குப் பிறகு இடுப்பின் இடப்பக்கம் அவ்வப்போது வலிக்கிறது என்கிறான். உட்கார்ந்தே படிப்பதால் இருக்கும். மற்றபடி நல்ல ஆரோக்கியம்.)

எஸ்., திண்டுக்கல்

*

அன்புள்ள எஸ்.,

இத்தகைய கடிதங்களுக்கு ‘மருத்துவரைப் பாருங்கள்’ என்று ஒரு வரியில் பதில் போட்டுவிடுவது என் வழக்கம். உங்கள் கடிதத்துக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. லீக் அணி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கும் நண்பர், சீசன் தொடங்குவதற்கு முன் தன் ஆட்டக்காரர்களைச் சோதித்த அன்று என்னையும் ஓரமாக உட்காரவிட்டார். அன்று பார்த்ததும் அவர் சொன்னதும் சில வாரங்களாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இந்தக் கடிதம் வந்தது.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் மனைவி சொல்வதே சரி; அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. வீட்டில் முட்டையும் பருப்பும் வயிறாரக் கிடைக்கும் பையனுக்குப் பவுடர் பற்றிய கேள்வியே எழக்கூடாது. முழங்காலில் வலியே இல்லாதவனுக்கு உறை எதற்கு? போட்டுக்கொண்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்று அவன் ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள்.

கோவை நிலையத்துக்கு வருகிறேன். காயம் எங்கே, எப்போது வரும் என்று சொல்லும் சோதனை எதுவும் உலகில் இல்லை. ஆஸ்லோவைச் சேர்ந்த ரோவால்ட் பார் என்ற விளையாட்டு மருத்துவ அறிஞர் 2016-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத் தெளிவாகவே நிறுவியிருக்கிறார். சோதனையில் தேறாதவர்களில் பெரும்பாலோர் காயமின்றி ஆடிவிடுகிறார்கள். தேறியவர்களில் பலர் அடிபடுகிறார்கள். உடம்புக்கு ஜாதகம் எழுதித் தருகிறேன் என்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அப்படியானால் பிசியோ எதற்குச் சோதிக்கிறார் என்று கேட்பீர்கள். நண்பர் சுவரையொட்டித் தரையில் ஓர் அளவு நாடாவை ஒட்டி வைத்திருந்தார். ஆட்டக்காரர் வெறுங்காலுடன் சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையைவிட்டு எழாமல், முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற கடைசித் தூரம் வரை பாதத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள தூரமே கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதன் கணக்கு. ஓர் இளைஞனுக்கு வலக்காலில் 11 சென்டிமீட்டர், இடக்காலில் 6. “போன வருஷம் இந்தக் கால் பிசகிச்சா?” என்று நண்பர் கேட்டதும் பையன் விழித்தான். இரண்டு நாள் நொண்டிவிட்டு மறந்துபோன சுளுக்கு அது. கால் அதை மறக்கவில்லை. அவனும் வலக்கைப் பந்துவீச்சாளன், ஓடிவந்து ஊன்றும் கால் அந்த இடக்கால்தான். கணுக்கால் மடங்க மறுத்தால் அந்த அதிர்ச்சியை முழங்காலோ முதுகோ வாங்கிக்கொள்ள நேரிடலாம். ஆகவே சோதனை வருங்காலத்தைச் சொல்வதற்கன்று. அரைகுறையாக ஆறிய பழைய காயத்தைக் கண்டுபிடிக்கவும், இன்றைய நிலையைக் குறித்து வைத்துக்கொள்ளவும், எங்கிருந்து வேலையைத் தொடங்குவது என்று முடிவு செய்யவும்தான். அதற்குக் கணினி வேண்டாம். அளவு நாடாவும் கடிகாரமும் பொறுமையும் உள்ள ஒருவர் போதும்.

அந்த வேலை பார்ப்பதற்குச் சலிப்பூட்டுவது. மண்டியிட்ட ஆட்டக்காரரின் கணுக்கால்களை இன்னொருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் உடலை விறைப்பாக வைத்தபடி மிக மெதுவாக முன்னால் சாய வேண்டும். நார்டிக் பயிற்சி என்கிறார்கள். தொடைப் பின்தசைக் காயங்களை இந்த ஒரு பயிற்சி ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று பல கால்பந்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ‘ஃபிஃபா 11 பிளஸ்’ என்ற இருபது நிமிட வார்ம்-அப் திட்டத்தை நார்வேயில் கால்பந்து ஆடும் 13 முதல் 17 வயது வரையிலான பெண்களிடம் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், காயங்கள் மொத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. வலுவூட்டல், சமநிலை, குதித்துச் சரியாகத் தரையிறங்குதல் இவ்வளவுதான் அதில் இருப்பவை. ஆட்டத்துக்கு முன் வட்டமாக நின்று காலை நீட்டி இழுத்துக்கொண்டிருப்பது மட்டும் காயத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று ஏதும் தேறவில்லை. நம் ஊரில் நடப்பதோ அது மட்டும்தான். ஸ்பிரே டப்பாவுடன் மைதானத்துக்குள் ஓடி வருபவர்தான் பிசியோ என்று உங்கள் பயிற்சியாளர் நினைத்துக்கொண்டிருக்கிறார். தொலைக்காட்சியில் தெரிவது அந்தச் சில நொடிகள் மட்டுமே என்பதால் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் அந்த 20 ஓவர் விஷயத்தில் அவரைச் சும்மா விடுவதாக இல்லை.

நண்பர் எல்லாச் சோதனைகளையும் முடித்துவிட்டுக் கடைசியாக ஒவ்வொருவரிடமும் கேட்டது, “கடந்த நான்கு வாரத்தில் எத்தனை ஓவர் வீசியிருக்கிறாய்?” என்பதுதான். மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு விடையே தனக்கு முக்கியம் என்றார். உங்கள் மகனிடம் கேட்டால் என்ன சொல்வான்? பூஜ்யம். அடுத்த வாரம்? நாளுக்கு 20 வீதம் ஆறு நாளில் 120 ஓவர், 720 பந்துகள். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றி 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு போட்டியில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த மூன்று வாரங்களில் காயம்படும் அபாயம் கூடியதைக் காட்டியது. அவர்கள் முழு வளர்ச்சியடைந்த, சம்பளம் வாங்கி ஆடுகிற ஆண்கள். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்த நெறிமுறையில் 17 வயதுக்குட்பட்டவருக்கு ஒரே மூச்சில் 7 ஓவர், ஒரு நாளில் 18 ஓவர், அதுவும் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் கூடாது. உங்கள் முகாமில் ஆறு நாள். நான்கு மாதம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்பை ஏப்ரல் வெயிலில் கொண்டுபோய் நிறுத்தி இதைச் செய்வதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்துக் கட்டணமும் வாங்குகிறார்கள்.

இது உங்கள் முகாமோடு நிற்கிற கதையன்று. நம் மாணவ ஆட்டக்காரர்களின் ஓய்வுக்காலம் எது என்பதைத் தேர்வு அட்டவணைதான் தீர்மானிக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை ஒன்றுமே இல்லை. ஏப்ரலும் மே மாதமும் எல்லாம் ஒரேயடியாக. அந்த மூன்று மாதங்களில் வாரம் மூன்று மாலை, அரை மணி நேரம், மொட்டை மாடியிலேயே கொஞ்சம் வலுவூட்டலும் ஒரு சுவரை நோக்கிச் சில பந்துகளும் என்றிருந்தால் மதிப்பெண் ஒன்றும் குறைந்துவிடாது. நம் வீடுகளில் அதைச் சொன்னால் கேட்பவர் யார்?

எலும்பு எப்படி உடைகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பந்துவீச்சாளர் முன்காலை ஊன்றும் கணத்தில் உடல் எடையைப் போல் ஐந்தாறு மடங்கு விசை தரையிலிருந்து ஏறிவருகிறது. அதே கணத்தில் உடல் பக்கவாட்டில் சாய்ந்து, பின்னுக்கு வளைந்து, முறுக்கிக்கொள்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து அழுத்துவது கீழ்முதுகின் கடைசி இரண்டு முள்ளெலும்புகளின் பின்பகுதியை. பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில். புதிய சுமை ஏறும்போது உடல் பழைய எலும்பைச் சிறிது அரித்து நீக்கிவிட்டு, அந்த இடத்தில் புதியதை இட்டு நிரப்புகிறது. அரிப்பதற்குச் சில வாரங்கள் போதும். நிரப்பி இறுகச் செய்ய மாதங்கள் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பைவிட மெலிந்திருக்கிறது. தசைக்கு அதற்குள் முறுக்கேறிவிடும். பையன் ‘நல்ல ரிதமில் இருக்கேன்பா’ என்பான், வேகமும் கூடியிருக்கும். அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் விரிசல், வருவது அப்போதுதான்.

எங்கள் கல்லூரி அணியில் அப்படி ஒருவன் இருந்தான். அவன் வீசினால் விக்கெட் கீப்பர் பத்தடி கூடுதலாகப் பின்னால் போய் நிற்பான். இடப்பக்க இடுப்பில் வலி என்றான். ‘பிடிப்பு’ என்றார் பயிற்சி கொடுத்தவர். விடுதி அறையில் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தோம், பெல்ட் கட்டினான், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். இத்தகைய முறிவு தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. ‘ஆம்பளைன்னா வலியைத் தாங்கணும்’ என்பதுதான் அன்றைய விளையாட்டு மருத்துவம். வலி ஊசி போட்டுக்கொண்டு இறுதி ஆட்டத்தில் வீசினான், கோப்பை கிடைத்தது. மறுநாள் காலை குளியலறையில் பக்கெட்டைத் தூக்கக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனை இரண்டு பேராக அறைக்குத் தாங்கிக்கொண்டு போனோம். அதன் பிறகு அவன் பந்து வீசவில்லை. இன்று வங்கியில் நல்ல பதவியில் இருக்கிறான். கிரிக்கெட் என்று பேச்செடுத்தால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவான்.

அவன் முதுகுக்கு வந்தது தீர்க்க முடியாத வியாதி அல்ல என்பதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973-இல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் இதே கீழ்முதுகு முறிவுடன் வீழ்ந்தார். அப்போது அவருக்கு 23 வயது. வாரக்கணக்கில் உடலைச் சுற்றி மாவுக்கட்டு. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி அறிஞர் ஃபிராங்க் பைக்குடன் சேர்ந்து உடலைப் படிப்படியாக மீட்டு, ஓட்டத்தையும் வீச்சையும் திருத்திக்கொண்டு, இங்கிலாந்துக்கு எதிரான 1974-75 ஆஷஸ் தொடரில் 25 விக்கெட் எடுத்தார். 1984-இல் ஓய்வு பெறும்போது 355 டெஸ்ட் விக்கெட், அன்றைய உலக சாதனை. அந்த மனிதர்தான் 1987 முதல் சென்னை எம்.ஆர்.எஃப். பந்துவீச்சு மையத்துக்கு ஆண்டுதோறும் வந்து கற்றுக்கொடுத்தார். நம் வேகப்பந்து வீச்சாளர் லட்சுமிபதி பாலாஜியின் முதுகும் அப்படித்தான் முறிந்தது. வீச்சை மாற்றிக்கொண்டு திரும்பி வந்து 2008-இல் ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக்கைச் சேப்பாக்கத்தில் எடுத்தார். பும்ரா 2023 மார்ச்சில் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆகஸ்டில்தான் களமிறங்கினார். அவசரப்படுத்த அவரைச் சுற்றி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

இனி உங்கள் கடிதத்தின் அடைப்புக்குறிக்கு வருகிறேன். பவுடருக்கும் உறைக்கும் ஒரு முழு வரி. வலக்கை வேகப்பந்து வீச்சாளனின் இடப்பக்க இடுப்பு வலிக்கு அடைப்புக்குறி! நவம்பர் ஆட்டங்களுக்குப் பிறகு தொடங்கி, நான்கு மாத ஓய்விலும் முற்றாகப் போகாத வலியை நாற்காலியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வெறும் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்களோ நானோ அந்தப் பயிற்சியாளரோ அல்ல. இந்த வாரமே எலும்பு மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப் போங்கள். அவன் வேகப்பந்து வீச்சாளன் என்பதையும், வலி வீசும் கைக்கு எதிர்ப்பக்கம் என்பதையும் முதலில் சொல்லுங்கள். எக்ஸ்ரேயோடு நிறுத்தாமல் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். அதுவரை தெருவில் டென்னிஸ் பந்துகூட வீச வேண்டாம்.

எலும்பில் ஒன்றுமில்லை என்றால் நல்ல பிசியோ ஒருவர் வாரவாரம் எத்தனை பந்து என்று அட்டவணை போட்டுத் தருவார். ஒருநாள் விட்டு ஒருநாள், சில ஓவர்கள், பாதி வேகம் என்றுதான் தொடங்கும். நெட்ஸில் வீசுவதும் அதில் சேரும். கணக்கை அவனே ஒரு நோட்டில் எழுதட்டும். நீங்கள் எழுதினால் அதுவும் இன்னொரு ரேங்க் கார்டாகிவிடும். எலும்பில் கோளாறு என்றால் பல மாதம் பந்தைத் தொடக்கூடாது. இந்த லீக் சீசன் போய்விடும், அழுவான், பக்கத்தில் இருங்கள். 17 வயதில் ஒரு சீசன் போவது பெரிய இழப்பல்ல என்று அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவனுக்கு அது பெரிய இழப்புதான்.

எப்படியானாலும் ஏப்ரல் முகாம் இந்த வருஷம் வேண்டாம். கட்டணம் திரும்பி வராவிட்டால் போகட்டும். முகாம் நடத்துபவர் கோபித்துக்கொண்டால் இந்தப் பதிலை அவருக்கு அனுப்பிவையுங்கள். நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன்.