ஸ்னோபோர்டில் பெரிய தாவல்: கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

வேப்பனப்பள்ளி, கல்லூரி மாணவர்: அக்கா, எருது விடும் விழாவில் காளைக்கு முன்னால் நின்றவன் நான். காஷ்மீரின் குல்மார்க்கில் முதல் நாளே பெரிய தாவலுக்குப் போகலாமா?

வேண்டாம் தம்பி. ஸ்னோபோர்டு என்பது இரு கால்களையும் பூட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் பலகை. அதன் இரண்டு ஓரங்களிலும் திரும்பவும் நினைத்த இடத்தில் நிற்கவும் முதலில் பழக வேண்டும். பிறகு சமதளத்தில் 'ஆலி': பின்காலை அழுத்தி, பலகையை வில்லாக வளைத்து எழும்புவது. அடுத்து, ஏறித் தாவுவதற்கான முழங்கால் உயரப் பனிமேடு. அதில் தொடர்ந்து தடுமாறாமல் இறங்கும்வரை அடுத்த அளவைப் பார்க்கவே கூடாது. காளை ஒதுங்கிப் போகலாம், மேடு ஒதுங்காது.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்: எவ்வளவு வேகம் வேண்டும் என்று எப்படிக் கணிப்பது?

எல்லாரும் சாகசத்தைக் கேட்கிறார்கள், நீங்கள்தான் சரியானதைக் கேட்டீர்கள். ஏற்றம், அதன் நுனி, நடுவே ஒரு சமதளம், அப்புறம் இறங்குசரிவு என்பதே பெரிய மேட்டின் அமைப்பு. சரிவில் இறங்கினால் விழும் வேகத்தின் பெரும்பகுதி சறுக்கலாக மாறிவிடும். சமதளத்தில் இறங்கினால் முழு அடியும் முழங்காலுக்கும் முதுகெலும்புக்கும்தான். 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறார். வேகம் குறைந்தால் நடுச் சமதளம், கூடினால் சரிவையும் தாண்டி அடிவாரம். நுனிக்கு அருகே பயந்து வேகத்தைக் குறைப்பது அதனால்தான் மோசம். சந்தேகம் வந்தால் தொலைவிலேயே விலகி நின்றுவிடுங்கள்.

அந்த மேட்டில் நன்றாகத் தாவுகிறவர் எங்கிருந்து கிளம்புகிறார் என்று கவனியுங்கள். தாவாமல் ஒருமுறை பக்கவாட்டில் இறங்கிச் சரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் சரியாக இருந்த தொடக்க இடம் மதியத்துக்குப் பொருந்தாது. இறுகிய பனியில் பலகை பறக்கும், வெயிலில் ஈரமான பனி அதைப் பிடித்து இழுக்கும்.

தருமபுரி, ஆசிரியை: மணாலி அருகே சோலாங்கில் சிறு மேட்டிலேயே மல்லாந்து விழுந்தேன். ஏன்?

நுனியில் பின்னால் சாய்ந்திருப்பீர்கள். பலகை தட்டையாகவும் எடை இரு கால்களுக்கும் நடுவிலும் இருக்கட்டும். தோளைத் திருப்பாதீர்கள், பார்வை இறங்கும் இடத்தில். இறங்கும்போது முழங்கால்கள் மடங்கிக்கொடுக்க வேண்டும்.

காரிமங்கலம், ஒரு தாய்: மகனுக்கு ஹெல்மெட் மட்டும் போதுமா?

போதாது அம்மா. மணிக்கட்டுக் காப்பும் முதுகுக் கவசமும் வாங்குங்கள். வீட்டில் இருக்கும் பைக் ஹெல்மெட்டைக் கொடுத்தனுப்ப வேண்டாம், பனிச்சறுக்குக்கென்றே தனியாக இருக்கிறது. அதுவும் மூளை அதிர்ச்சியை முழுதாகத் தடுக்காது. தலையில் அடிபட்டால் அன்றைய சறுக்கல் முடிந்தது, மருத்துவர் பார்க்க வேண்டும். விழும்போது உள்ளங்கையை ஊன்றாமல், விரல்களை மடக்கி முன்கைகளில் விழப் பழகச் சொல்லுங்கள்.

பாலக்கோடு, இளைஞர்: பனியே இல்லாத நம் ஊரில் என்ன பயிற்சி செய்வது?

ஸ்கேட்போர்டு சமநிலைக்கு உதவும். தாழ்வான திண்ணையிலிருந்து குதித்துச் சத்தமில்லாமல் இறங்கிப் பழகுங்கள். டிராம்போலினில் நேராக எழும்பி நேராக இறங்கினால் போதும், குட்டிக்கரணம் இப்போது வேண்டாம்.

கிருஷ்ணகிரி, வியாபாரி: பயணக் காப்பீடு எடுத்திருக்கிறேன். அது போதுமா?

சாகச விளையாட்டைப் பல பாலிசிகள் விலக்கியிருக்கும். ஸ்னோபோர்டும் மலையிலிருந்து மீட்கும் செலவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.