தலைவலி எப்போது மூளைக் கட்டியின் அறிகுறி?

அம்மாவுக்கு 58 வயது, மூன்று வாரமாகத் தலைவலி, பனடாலுக்கு (பாரசிட்டமால் மாத்திரை) அடங்கவில்லை, மூளைப் புற்றுநோயாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

தலைவலி மட்டும்தான் என்றால் பெரும்பாலும் கட்டியாக இருக்காது. மூளைக்கு வலி தெரியாது. கட்டி வலியில்லாமலும் வளரும். அதனால் வலியின் கடுமையை விட்டுவிட்டு, வாரத்துக்கு வாரம் கூடுகிறதா, கூடவே புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

படுத்திருக்கும்போது தலையிலிருந்து ரத்தம் இறங்குவது மெதுவாகும். மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லாததால் அழுத்தம் ஏறும். ஆகவே விடிகாலையில் எழுப்பிவிடும் வலி, இருமினாலோ குனிந்தாலோ கூடும் வலி, குமட்டலே இல்லாமல் வரும் வாந்தி, இவை சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். 'பித்தம்' என்று இஞ்சிச்சாறு கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள்.

சில அறிகுறிகள் வீட்டாருக்குத்தான் தெரியும். தட்டின் இடப்பக்கச் சோறு அப்படியே கிடக்கும். கதவில் எப்போதும் ஒரே தோள் இடிக்கும். தெரிந்த சாமானின் பெயர் வராது. கலகலப்பானவர் எதிலும் பற்றில்லாமல் உட்கார்ந்திருப்பார்; இதை வயசுக் கோளாறு, மனச்சோர்வு என்று தள்ளிவிடுவதுதான் அதிகம் நடக்கிறது.

பெரியவர்களுக்கு முதன்முதலாக வரும் வலிப்பைக் கட்டாயம் ஆராய வேண்டும். ஒரு கை மட்டும் ஒரு நிமிடம் துடிப்பதும், யாருக்கும் வராத தீய்ந்த வாடை அவருக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருவதும்கூட வலிப்பாக இருக்கலாம். முழு வலிப்பு என்றால் சிங்கப்பூரின் அவசர மருத்துவ உதவி எண்ணான 995ஐ அழைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைக் குறியுங்கள். கையில் சாவிக்கொத்தும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். திடீரென வாய் கோணினாலோ கை விழுந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், அதற்கும் 995தான்.

இப்போதைக்குப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றால் அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். வெறுமனே "தலைவலி" என்று சொல்லாமல், தொடங்கிய தேதி, வரும் நேரம், போட்ட பனடால் கணக்கு மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகப் போட்டுவந்தால் அந்த மாத்திரையே தலைவலி தரலாம். முன்பு மார்பகம், நுரையீரல் புற்றுநோய் இருந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்; பல ஆண்டு கழித்தும் மூளைக்குப் பரவக்கூடும்.

கண்ணின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மண்டைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் அங்கே பார்வை நரம்பு வீங்கியிருக்கலாம். சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் பெரிய கட்டியையும் சட்டென்று காட்டும். சிறு கட்டி தப்பிவிடலாம். சிடி ஸ்கேன் சரியாக இருந்தும் அறிகுறி கூடினால், மறுபடி போய் மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள்.