‘ஃப்ரீலான்ஸர்’ என்று கையெழுத்துப் போட்டால் குறைந்தபட்ச ஊதியம் கிடையாதா?

கேள்வி: சாலிகிராமத்தில் ஒரு போஸ்ட் புரொடக்‌ஷன் ஸ்டூடியோவில் 8 மாதமாக உதவி எடிட்டராக இருக்கிறேன். சேரும்போதே ‘ஃப்ரீலான்ஸர்’ என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். காலை 10 மணிக்குப் போனால் கிளம்ப இரவு 10 ஆகிவிடும். எபிசோடு கணக்கில் சம்பளம். மாதம் 9,000 ரூபாய் தேறுவதே கஷ்டம். கேட்டால், “நீ ஊழியரே இல்லை, உனக்கு எதற்குக் குறைந்தபட்ச ஊதியம்?” என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. காகிதத்தில் போட்ட பெயரை மட்டும் வைத்து நீதிமன்றம் முடிவு செய்யாது. வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கும். நேரம் குறிப்பது யார்? யாருடைய இடம், யாருடைய சிஸ்டம்? ஒருநாள் வர முடியாவிட்டால் உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாமா, அல்லது லீவு கேட்க வேண்டுமா? பதிலெல்லாம் ஸ்டூடியோ பக்கமே நின்றால், நீங்கள் அங்கே ஊழியர்தான்.

எபிசோடு கணக்கு என்பதாலும் உரிமை போய்விடாது. 1956-இல் தராங்கதரா கெமிக்கல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றவர்கள் உப்பளத் தொழிலாளர்கள். எடைக் கணக்கில் கூலி, வேலை நேரம் அவரவர் வசதி, துணைக்கு ஆள் வைத்து அவர்களே கூலியும் கொடுத்தார்கள். அப்படியும் அவர்கள் தொழிலாளர்களே என்பதை நீதிமன்றம் ஏற்றது. உங்களுக்கு அந்தச் சுதந்திரம்கூட இல்லையே!

வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டரில், நாலு கம்பெனிக்கு, தானே ரேட் பேசி வேலை செய்பவர் உண்மையான ஃப்ரீலான்ஸர். அவருக்கு இந்த வழி உதவாது.

சரி, சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது? 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, குறைந்தபட்ச ஊதிய உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. அதற்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். 3 ஆண்டு அவகாசம் உண்டு. குறைத்துக் கொடுத்த தொகையோடு, அதைப்போல் 10 மடங்கு வரை இழப்பீடும் உத்தரவிட முடியும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கமே உங்களுக்காக மனு போடலாம். சம்பளம் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு. ஆனால், அங்கே வேலை பார்த்ததை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

அதனால் வாய் திறப்பதற்கு முன், “நாளைக்கு 10 மணிக்கு வந்துடு” என்கிற மாதிரியான வாட்ஸ்அப் செய்திகள், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், டி.டி.எஸ். (வருமான வரி) பிடித்திருந்தால் அதைக் காட்டும் 26ஏஎஸ் படிவம் எல்லாவற்றையும் உங்கள் சொந்த மெயிலில் சேர்த்துவிடுங்கள். படத்தின் ஃபுட்டேஜை மட்டும் நகல் எடுக்காதீர்கள்; அதைக் காட்டி உங்கள் மேலேயே புகார் கொடுப்பார்கள்.