கனவில் வந்து அழைத்தவர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வளைகுடாவில் வேலை பார்த்த என் காக்கா (அண்ணன்) சென்ற ஆண்டு ஊருக்குத் திரும்பினார். வந்த பிறகு, வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் தம் கனவில் மூன்று முறை தோன்றி, எதுவும் பேசாமல் கை நீட்டி அழைத்ததாகவும், அவர் ஈசா நபிதான் (இயேசுதான்) என்று தமக்கு உறுதியாகத் தெரிந்ததாகவும் கூறுகிறார். மூன்றாம் முறை கண்ட நாளில் சுபுஹுக்கு எழுந்து ஒளு செய்தவர், தொழாமல் விடியும் வரை பாயிலேயே உட்கார்ந்திருந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார். உம்மா சாப்பிடுவதில்லை. இது ஷைத்தானின் வேலை என்கிறார் வாப்பா. இத்தகைய கனவுகளை நம்பலாமா?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, களியக்காவிளை)

பதில்: உங்கள் காக்கா கனவு கண்டார் என்பதை முதலில் நம்புங்கள். கனவு கண்டதாகச் சொல்பவரைப் பொய்யர் என்றோ, எவரோ பணம் கொடுத்துச் சொல்ல வைத்தார்கள் என்றோ வீட்டார் பேசத் தொடங்கினால் அவர் உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவார். பிறகு அவர் மனத்தில் நடப்பதை வெளியாரிடம் கேட்டுத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அவர் கண்ட கனவுக்குப் பொருள் என்ன என்பது வேறு கேள்வி.

கனவை மதிக்காத சமயம் அல்ல இஸ்லாம். யூசுஃப் நபி சிறுவனாக இருந்தபோது பதினொரு விண்மீன்களும் சூரியனும் சந்திரனும் தமக்குப் பணிவதாகக் கண்ட கனவில்தான் குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்துக் கதை தொடங்குகிறது. நல்ல கனவு நபித்துவத்தின் 46 பங்குகளில் ஒரு பங்கு என்று புகாரி தொகுப்பிலுள்ள ஹதீஸ் (நபிமொழி) கூறுகிறது. அதே மரபு கனவுகளை மூன்றாகவும் பிரிக்கிறது: இறைவனிடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தான் தரும் கலக்கம், மனிதன் தன் மனத்தில் அசைபோட்டதன் எதிரொலி. உங்கள் வாப்பா இரண்டாவதை மட்டுமே பார்க்கிறார். காக்கா முதலாவதை மட்டுமே பார்க்கிறார். மூன்றாவதைப் பற்றி இருவருமே யோசித்ததாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை.

நம் தமிழக-கேரள எல்லைப் பகுதியில் அந்த மூன்றாவதற்கு இடம் அதிகம். களியக்காவிளை பேருந்து நிலையத்துக்குள் நுழையும் வேன்களின் முன்கண்ணாடியைப் பாருங்கள்: மேலே பீமாப்பள்ளி, நடுவில் முருகன், ஓரத்தில் வெள்ளை அங்கியும் தோள்வரை புரளும் முடியுமாக இயேசு. தேநீர்க் கடை நாட்காட்டியிலும், பக்கத்து வீட்டுத் திரு இருதயப் படத்திலும், கன்வென்ஷன் சுவரொட்டியிலும் அதே முகத்தைத்தான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஈசா நபி திரும்பி வரும்போது டமாஸ்கஸின் வெள்ளைக் கோபுரத்தருகே, இலேசாகக் குங்குமப்பூச் சாயம் ஏற்றிய இரண்டு ஆடைகளில் இறங்குவார் என்று ‘ஸஹீஹ் முஸ்லிம்’ என்ற தொகுப்பிலுள்ள ஹதீஸ் வருணிக்கிறது. காக்கா கண்டது அந்த உருவம் அன்று. ஆகவே கனவு பொய் என்று நான் முடிவு கட்டவில்லை. நமக்குப் பழகிய முகத்தோடுதானே கடவுளும் வருவார் என்று ஒரு விசுவாசி கேட்டால், அதற்கு மறுப்பு என்னிடம் இல்லை. ஆனால் முகத்தை அடையாளம் கண்டதை மட்டும் வைத்து, வந்தவர் யார் என்பது உறுதியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஈசா நபியைக் கனவில் காண்பது இஸ்லாத்துக்கு முரணே அன்று. குர்ஆனில் அவர் பெயர் 25 இடங்களில் வருகிறது. அவருடைய தாயின் பெயரால் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அவர் சிலுவையில் மரித்தாரா, அவர் தேவகுமாரனா என்ற இரண்டு கேள்விகளில்தான் அவரைப் பற்றி இரு சமயங்களும் முக்கியமாகப் பிரிகின்றன. அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை என்கிறது குர்ஆன் 4:157. அவர் சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தார் என்பதன் மீதே கிறிஸ்தவம் நிற்கிறது. பேசாமல் கை நீட்டிய ஓர் உருவம் இந்த இரண்டில் எதற்கும் விடை சொல்லவில்லை. விடையைக் காக்கா விழித்திருக்கும்போதுதான் தேடியாக வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம்.

இரு சமயங்களிலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கின் சொற்களை மதீனாவில் அப்துல்லாஹ் இப்னு ஜைத் என்ற தோழர் கனவில்தான் கேட்டார். ஆனால் கண்டவுடன் அவர் தாமாகப் போய்ப் பாங்கு சொல்லவில்லை. நபிகளிடம் வந்து சொன்னார், அது உண்மையான கனவு என்று நபிகள் ஏற்ற பிறகே பிலால் அதை முழங்கினார். பைபிளில், அப்போஸ்தலருடைய நடபடிகள் 10ஆம் அதிகாரத்தில், கொர்நேலியு என்ற ரோமப் படைத்தலைவனுக்குத் தேவதூதன் தரிசனமாகிறான். அந்தத் தூதன் அவனுக்கு எந்த உபதேசமும் செய்யவில்லை. யோப்பா பட்டணத்தில், கடலோரத்திலுள்ள தோல் பதனிடும் சீமோன் வீட்டில் பேதுரு தங்கியிருக்கிறார், அவரை அழைத்துக் கேள் என்று முகவரியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறான். எரேமியா தீர்க்கதரிசி இன்னும் கடுமையானவர்: சொப்பனத்தையும் தேவ வார்த்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “கோதுமைக்குமுன் பதர் எம்மாத்திரம்” என்று கேட்டவர் அவர்.

ஆகவே வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது இது. காக்காவை ஓர் உஸ்தாதிடம் (மார்க்க ஆசிரியரிடம்) அனுப்புவதானால், கனவைக் கேட்டவுடன் தண்ணீர் ஓதிக் கொடுத்து அனுப்புபவரிடம் அனுப்பாதீர்கள்; அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவரிடம் அனுப்புங்கள். இஸ்திகாரா தொழுது இறைவனிடம் வழி கேட்கும்படி வாப்பா சொல்லலாம்; ஆனால் அதற்குப் பின் வரும் கனவையும் வாப்பா தமக்குச் சாதகமாகப் பொருள் சொல்லக் கூடாது. ஜெபக்கூட்டத்தார் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க அவசரப்பட்டால், குர்ஆனும் நற்செய்தி நூல்களும் முழுவதும் படித்து முடிக்கும் வரை பொறுக்கச் சொல்லிக் காக்கா கேட்கட்டும். பொறுக்க மறுக்கும் கூட்டம் அவருடைய கேள்விக்கு மதிப்புக் கொடுக்கும் கூட்டம் அன்று. இத்தனைக்கும் பிறகு அவர் மாறுவாரானால், அது அவர் முடிவு. “மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை” என்பது குர்ஆன் 2:256. உம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: காக்கா இன்னும் உங்கள் வீட்டுப் பாயில்தான் உறங்குகிறார், கனவையும் முதலில் வீட்டாரிடம்தான் சொன்னார்.

கேள்வி: எங்கள் சபைக் கன்வென்ஷனில் “கனவில் இயேசுவைக் கண்ட முன்னாள் முஸ்லிம் சகோதரரின் சாட்சி” என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். உலகெங்கும் முஸ்லிம்கள் கனவு கண்டு கூட்டம் கூட்டமாக வருகிறார்கள் என்று பாஸ்டர் சொல்கிறார். இதில் எவ்வளவு உண்மை?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: கனவுக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. அமெரிக்காவின் புல்லர் இறையியல் கல்லூரியில் டட்லி உட்பெரியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1991 முதல் 2007 வரை, இஸ்லாத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த ஏறத்தாழ 750 பேரிடம் வினாத்தாள் கொடுத்து விசாரித்தார்கள். அவர்கள் 30 நாடுகளைச் சேர்ந்தவர்கள். முடிவெடுக்கும் முன்பே கனவோ தரிசனமோ கண்டதாக 27 விழுக்காட்டினரும், முடிவெடுத்த காலத்தில் கண்டதாக 40 விழுக்காட்டினரும், அதன் பின்னர் கண்டதாக 45 விழுக்காட்டினரும் சொன்னார்கள். மேடையில் பேசுபவர்கள் இந்த எண்களில் பாதியைத்தான் சொல்வார்கள். அதே ஆய்வில், மாறியதற்கான காரணங்களில் முதலிடம் பெற்றது கனவு அன்று. தாங்கள் கண்ட கிறிஸ்தவர்களின் வாழ்க்கை முறை. கனவு கண்டவர்களிலும் பலர் முடிவெடுத்த பிறகும் கண்டிருக்கிறார்கள் என்பதையும் அந்த 45 விழுக்காடு காட்டுகிறது. மேலும், கேட்கப்பட்டவர்கள் அனைவரும் ஏற்கெனவே மாறியவர்கள். அதே கனவைக் கண்டுவிட்டு மாறாமல் தங்கள் தொழுகையைத் தொடர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பது இப்படிப்பட்ட ஆய்வில் வரவே வராது.

தனி மனிதர்களின் கதையும் கன்வென்ஷன் மேடையில் சுருங்குவது போல அவ்வளவு சுருக்கமானதன்று. பாகிஸ்தானிய அஹ்மதியா குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த நபீல் குரேஷி ஒரு தரிசனமும் மூன்று கனவுகளும் கண்டதாகச் சொன்னவர். ஆனால் கல்லூரி நண்பர் ஒருவரோடு ஆண்டுக்கணக்கில் சிலுவை, உயிர்த்தெழுதல், குர்ஆனின் வரலாறு என்று வாதாடிக் களைத்த பிறகே, வழி காட்டும்படி இறைவனிடம் வேண்டிக் கேட்டார். கனவு அதற்குப் பிறகு வந்தது. அந்தக் கனவுகளில் ஒன்றில் ஒரு குறுகிய வாசலைக் கண்டு, அதன் பொருளை லூக்கா 13ஆம் அதிகாரத்தில் படித்துத் தெரிந்துகொண்டார். 2017இல் 34 வயதில் புற்றுநோயால் இறந்த அவரைத் “தூங்கி எழுந்து கிறிஸ்தவரானவர்” என்று அறிமுகப்படுத்துவது அந்த ஆண்டுகளின் உழைப்பை அழிப்பதாகும். இஸ்லாத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த பாகிஸ்தானின் பில்கீஸ் ஷேக்கும் 1960களில் கனவு கண்டபோது குர்ஆனையும் பைபிளையும் அருகருகே வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர்தான்.

சுவரொட்டி விஷயத்தில் என் கருத்து கடுமையானது. நல்ல கனவு கண்டால் உன்னை நேசிப்பவரிடம் மட்டும் சொல் என்று ஒரு ஹதீஸ் உண்டு. இதைக் கிறிஸ்தவர்களும் கடைப்பிடிக்கலாம். நம் ஊர்களில் ஒரு குடும்பத்தையும் அதன் ஜமாஅத்தையும் எல்லோருக்கும் தெரியும். மதம் மாறியவருடைய முகத்தைப் பெரிய எழுத்துகளோடு சந்திப்பில் ஒட்டிவிட்டால், அவருடைய தங்கைக்கு வரன் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அந்தச் சுவரைத்தான் கடந்து போவார்கள். ஒலிபெருக்கி வைத்த சபையார் இரவு பத்து மணிக்குச் சாமியானாவை மடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் குடும்பம் அதே தெருவில் இருக்க வேண்டும். உங்கள் பாஸ்டரிடம் சுவரொட்டியை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: எதிர்த்திசையிலும் இப்படிக் கனவுகள் உண்டா?
(வாசகர், செங்கோட்டை)

பதில்: உண்டு. சந்திரன் இரண்டாகப் பிளந்ததைக் கனவில் கண்ட சேரமான் பெருமாள் அதன் பொருளை அரபு வணிகரிடம் கேட்டறிந்து மக்காவுக்குப் புறப்பட்டார் என்பது கேரளத்தில் வழங்கும் ஐதீகங்களில் ஒன்று. கொடுங்கல்லூர்ப் பள்ளிவாசலுக்கு இன்றும் அவர் பெயர்தான். இந்துவாகப் பிறந்த மயிலாடி மகாராசன், சிதம்பர யாத்திரையில் கண்ட கனவுக்குப் பிறகு தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார் என்று நம் குமரி மாவட்டச் சபை மரபு சொல்கிறது. அவர் அழைப்பை ஏற்றுத்தான் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806இல் மயிலாடிக்கு வந்தார். ஒரே வகைக் கனவு ஒருவரைப் பள்ளிவாசலுக்கும் மற்றொருவரைத் தேவாலயத்துக்கும் அனுப்பியிருப்பதால், எந்தச் சமயம் மெய்யானது என்ற வழக்கில் கனவைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது.

கேள்வி: திருமணமான முஸ்லிம் பெண் நான். தரிசனம் கண்டு கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டேன். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. ஞானஸ்நானம் பெற்றால் என் திருமணம் முறிந்துவிடுமா? வாப்பாவின் சொத்தில் பங்கு போய்விடுமா?
(பெயர் வேண்டாம், நெய்யாற்றின்கரை)

பதில்: 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, இஸ்லாத்தில் பிறந்த பெண் அதை விட்டு விலகுவதால் மட்டுமே அவருடைய திருமணம் தானாக முறியாது. (வேறு சமயத்திலிருந்து இஸ்லாத்துக்கு வந்து, மீண்டும் பழைய சமயத்துக்கே திரும்பும் பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.) சொத்தைப் பொறுத்தவரை, சமயம் மாறியதாலேயே ஒருவர் வாரிசுரிமையை இழக்கும்படி செய்யும் வழக்கத்தையோ சட்டத்தையோ நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் கூறியது; அது இப்போது உங்களுக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாப்பா உயிரோடிருக்கும்போதே சொத்தை மற்றவர்களுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால் அதை அந்தச் சட்டம் தடுக்காது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கேரளத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 2002இல் வந்த சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. வயது வந்தவர் தம் சமயத்தைத் தேர்வது அவருடைய உரிமை என்பதை ஹாதியா என்ற கேரளப் பெண்ணின் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தப் பெண் மாறியது இஸ்லாத்துக்கு. உரிமை உங்களுக்கும் அதேதான்.

ஞானஸ்நானத்துக்கு முன் கணவரிடம் நீங்களே நேரில் சொல்வது நல்லது. அவர் எதிர்பாராத ஒரு நாளில் வேறொருவர் வாயிலாகக் கேட்டால் பேச்சு தரிசனத்தைப் பற்றி இருக்காது, மறைத்ததைப் பற்றியே இருக்கும். அவர் கை ஓங்கக்கூடியவர் என்று உங்களுக்குத் தோன்றினால் மட்டும் இந்த யோசனையை விட்டுவிட்டு, முதலில் பாதுகாப்பான ஓர் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் நெய்யாற்றின்கரை வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு அங்கே வருமானம் பாராமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். நிக்காஹ் பதிவின் நகலையும் ஆதார் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.