கரு தரிக்கும் முன் குடல் ஆற வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 29. திருமணமாகி ஐந்து ஆண்டுகளில் இரண்டு முறை கரு தங்கி, இரண்டுமே மூன்றாம் மாதத்துக்குள் கலைந்துவிட்டன. இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு சாப்பிட்டும் ரத்தசோகை சரியாகாததால் மேற்கொண்டு பரிசோதித்து, எண்டோஸ்கோபியில் எடுத்த திசுவைப் பார்த்துச் சீலியாக் நோய் என்று உறுதி செய்தார்கள். கோதுமையை விட்டு ஐந்து மாதங்கள் ஆகின்றன. உப்புசமும் பேதியும் நின்றுவிட்டன. இப்போதே கருத்தரிக்க முயலலாமா? பிரசாத கேசரியில் ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார் என் மாமியார், அது சரியா? பிறக்கும் குழந்தைக்கும் இந்த நோய் வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்.

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. அந்த இரண்டு கருக்களும் கலைந்ததற்கு நீங்கள் செய்த எந்தத் தவறும் காரணமல்ல. கண்டறியப்படாத சீலியாக் நோய் உள்ள பெண்களுக்குக் கருச்சிதைவும், குறைப்பிரசவமும், எடை குறைந்த குழந்தைப் பேறும் மற்றவர்களைவிட அதிகம் நேர்கின்றன. நோய் கண்டறியப்பட்டு, உணவு முறை சரியாக அமைந்தபின் அந்த ஆபத்து பெரிதும் குறைந்துவிடுகிறது என்பதே உங்கள் நம்பிக்கைக்கு உறுதியான அடிப்படை. ஆனாலும் பழியை முழுவதும் சீலியாக் மீது போட்டுவிடாமல், தைராய்டு உள்ளிட்ட மற்ற காரணங்களையும் மகப்பேறு மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சீலியாக் உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவது உண்டு.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைப் பகையாகக் கருதி, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குவதுதான் இந்த நோய். அந்தச் சுவரில் சிறு விரல்களைப்போல நெருக்கமாக நின்று சத்துகளை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுவதால், சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் உறிஞ்சப்பட வேண்டிய இரும்பும், கால்சியமும், கருவின் முதல் வாரங்களுக்கு இன்றியமையாத ஃபோலிக் அமிலமும் உடலில் சேராமல் போகின்றன. நீங்கள் விழுங்கிய மாத்திரைகள் பயன்படாமல் போனதும் இதனால்தான்.

வயிறு அமைதியானதும் குடல் ஆறிவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் தொந்தரவுகள் சில வாரங்களில் அடங்கினாலும், இந்த நோயில் நோய் எதிர்ப்பு மண்டலம் உருவாக்கி ரத்தத்தில் விடும் எதிர்ப்பொருளின் அளவு இறங்க ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பெரியவர்களின் குடலுறிஞ்சிகள் முழுமையாக மீள இரண்டு ஆண்டுகளோ, சிலருக்கு அதற்கும் மேலோ ஆகும். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதிர்ப்பொருள் அளவு நன்றாக இறங்கியிருக்கிறதா, ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவை தேறியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதே நல்லது. ஐந்து மாதம் என்ற கணக்கைவிட இந்த எண்களையே நான் நம்புவேன். உங்கள் வயதில் இன்னும் சில மாதங்கள் பொறுப்பது இழப்பல்ல. ஃபோலிக் அமிலத்தை மட்டும் இப்போதே தொடங்கிவிடலாம். வழக்கமான 400 மைக்ரோகிராம் போதுமா, 5 மில்லிகிராம் தேவையா என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். குடலை ஆற்றும் என்று விற்கப்படும் பொடிகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்; குளூட்டனை முழுவதும் விலக்குவதே இதற்குரிய சிகிச்சை.

அந்த 'முழுவதும்' என்ற சொல்லில்தான் உங்கள் மாமியார் சொன்னதற்குப் பதில் இருக்கிறது. கேசரி ரவை கோதுமையே. ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 3 கிராம் குளூட்டன் இருக்கும். அதை அறுபது துண்டாகக் கிள்ளினால் ஒரு துண்டில் வருவது 50 மில்லிகிராம். தினமும் அந்த அளவு குளூட்டன் மூன்று மாதம் உட்சென்றாலே குடலுறிஞ்சிகள் மீண்டும் சேதமடையக்கூடும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அன்போடு ஊட்டுகிறார் என்பது எனக்குப் புரிகிறது. பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டில் வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

சோறு, இட்லி, ஆப்பம், இடியாப்பம் என்று நம் உணவில் பெரும்பகுதி அரிசியாக இருப்பது உங்களுக்கு வரம்தான். ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அது தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் விழுகிறது. கர்ப்பிணிக்கு நல்லது என்று வாங்கிக் கொடுக்கும் மால்ட் பானங்கள் பார்லியிலிருந்து வருபவை. கேழ்வரகும் கம்பும் தம்மளவில் பாதுகாப்பானவை என்றாலும், கோதுமை அரைத்த மில்லில் அரைத்தால் அந்த மாவு உங்களுக்கு ஆகாது. ஓட்டலில் தோசை கேட்கும் முன், அதே கல்லில் பரோட்டாவோ ரவா தோசையோ போடுகிறார்களா என்று விசாரியுங்கள். இப்போதைக்குப் பால் உப்புசம் தந்தால் அஞ்ச வேண்டாம். பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில் இருப்பதால், அவை வளர வளரப் பாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். நெருங்கிய ரத்த உறவில் இந்த நோய் இருந்தால், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வர வாய்ப்புண்டு; ஒன்பது பேருக்கு வருவதில்லை. தாய்ப்பாலோ, கோதுமையைத் தள்ளிப்போடுவதோ இதைத் தடுப்பதாகத் தெரியவில்லை என்பதால், குழந்தைக்கு இணை உணவு தொடங்கும் பருவத்தில் கோதுமையும் கொடுத்து, வளர்ச்சியைக் கவனித்து, மருத்துவர் சொல்லும் வயதில் ரத்தப் பரிசோதனை செய்தால் போதும். உங்கள் உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் இப்போதே பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சோதனை முடியும்வரை அவர்கள் கோதுமையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நோய் இருந்தும் ரத்தத்தில் தெரியாமல் போய்விடும்.